செக்ரோலில் ஏறிய பேர்

இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் ‘பேர்’ என்னும் சொல்லுக்கு அகராதியிற் காணாத பொருளொன்று வழங்கி வருகிறது. ‘இன்று எனக்குப் பேர் போட்டாயிற்றா?’ என்று ஒருத்தி கங்காணியைக் கேட்டால், ஒரு நாள் வேலை தன் கணக்கில் ஏறிவிட்டதா என்பதே அவள் கேள்வி. அரை நாளுக்கு ‘அரைப் பேர்’. ஆளின் பெயரும் அவள் செய்த வேலையும் அவளுக்குரிய கூலியும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. இச்சொல்லைப் பெற்ற புத்தகந்தான் ‘செக்ரோல்’ எனப்படும் வேலையாள் பதிவேடு. தோட்டத் தொழிலாளர் வரலாற்றை எழுதியவர்கள் கப்பலைப் பற்றியும், கங்காணியைப் பற்றியும், கள்ளுக்கடையைப் பற்றியும் நிரம்ப எழுதியிருக்கிறார்கள். இந்த ஏட்டை ஊன்றி நோக்கியவர் சிலரே. ஆனால் சட்டமும் ஒப்பந்தமும் தொழிலாளியின் வயிற்றைத் தொட்ட இடம் இந்த ஏடுதான். பகாங் மாநிலத்துக் கேமரன் மலைத் தோட்டங்களை முன்வைத்து இதனைச் சற்று ஆராய்வோம்.

கேமரன் மலையின் தேயிலை வரலாறு நீண்டதன்று. வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885இல் இம்மலைப் பகுதியைக் கண்டு குறிப்பெழுதினார். நாற்பது ஆண்டுகள் அக்குறிப்பு அப்படியே கிடந்தது. 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் மலையேறிப் பார்த்துவிட்டுக் குடியிருப்புக்கும் பயிர்த்தொழிலுக்கும் ஏற்ற இடம் என்று கருதிய பிறகே காரியங்கள் நடந்தன. பேராக்கிலுள்ள தாப்பாவிலிருந்து மலைச்சாலை போடப்பட்டது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார்; அவருக்குத் துணை நின்ற ஏ. பி. மில்ன் இலங்கைத் தேயிலையிற் பழுத்த அனுபவமுள்ளவர். 1933இல் அகர்வால் குடும்பத்தாரின் பாரத் தோட்டம் தோன்றிற்று. காடழிக்கவும், கன்று நடவும், பின்னர்க் கொழுந்து கிள்ளவும் வந்தவர்களிற் பெரும்பாலோர் தமிழர்.

இவ்வாண்டுகளைக் கவனிக்க வேண்டும். மலாயாவுக்கு ஆண்டுக்கணக்கில் எழுதிக் கட்டிய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றுமதி செய்யும் முறை 1910இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே கேமரன் மலைக்கு வந்த தமிழர் எவரும் அந்தப் பழைய கைந்நாட்டுக்குக் கட்டுப்பட்டு வந்தவரல்லர். சட்டத்தின் கண்ணில் அவர் சுதந்தரத் தொழிலாளி. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுப் போகலாம். கையில் ஒப்பந்தத் தாள் கிடையாது. அப்படியானால் அவருக்கும் தோட்டத்துக்கும் இடையிலிருந்த உடன்படிக்கை எங்கே எழுதப்பட்டிருந்தது? இரண்டு இடங்களில் என்று சொல்லலாம். ஒன்று, ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு. மற்றொன்று செக்ரோல்.

வாய்மொழியாகப் பேசிய வேலைக்கு இன்னின்ன நிபந்தனைகள் உண்டு என்று சட்டத் தொகுப்பு தானே விதித்தது. வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை வாங்கலாகாது. நாளொன்றுக்கு ஒன்பது மணிக்கு மேற்படலாகாது. மாதத்தில் 24 நாட்களுக்குக் குறையாமல் வேலை கொடுக்க வேண்டும். இம்மூன்று விதிகளும் தொழிலாளிக்கு அரண்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் மூன்றும் நிறைவேறினவா என்று அறிய அரசாங்கத்திடம் இருந்த முதற்சான்று யாது? முதலாளியின் கிராணி எழுதிய ஏடே! 24 நாள் என்றால் ஏட்டில் 24 குறிகள். குறி இல்லாத நாள், சட்டத்துக்குத் தெரியாத நாள்.

அந்த ஏடு எப்படி எழுதப்பட்டது? விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். பெயரைக் கூப்பிட்டு, வேலைக்காட்டைப் பிரித்துக் கொடுப்பார்கள். வந்தவர் பெயர் முதலில் கங்காணியின் கைக்குறிப்பிலோ கிராணியின் சிறு புத்தகத்திலோ ஏறும். மாலையில் வேலையைப் பார்த்த பின் பெரிய ஏட்டுக்குப் போகும். பக்கத்தின் இடப்புறம் பெயர்கள். அவற்றுக்கு நேரே மாதத்து நாட்களுக்குரிய கட்டங்கள். கடைசியில் நாட்களின் கூட்டல், கூலி விகிதம், அரிசிக்கும் முன்பணத்துக்குமான கழிவு, கைக்கு வரும் மிச்சம். எழுதியவர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவர் அல்லது மலையாளி. எழுதிய மொழி ஆங்கிலம். மாரியாயி, மாரியாய், மாரியம்மா ஆகிய மூன்றும் ஆங்கில எழுத்தில் ஒருத்தியாகவும் ஆகலாம், ஒருத்தியே மூவராகவும் ஆகலாம். எந்தப் பக்கத்தில் தன் பெயர் இருக்கிறதோ அந்தப் பக்கத்தைத் தொழிலாளி படிக்க இயலாது. சம்பள நாளன்று மேசைமேல் வைக்கப்படும் காசுதான் அவருக்கு அந்த ஏட்டின் மொழிபெயர்ப்பு.

முதலாளியும் தொழிலாளியும் மட்டுமே இவ்வேட்டுக்கு உரியவர்கள் என்று எண்ணலாகாது. மூன்றாமவர் ஒருவர் இருந்தார். 1907இல் தமிழர் குடிநுழைவு நிதி என்று ஒன்றை மலாயா அரசாங்கம் ஏற்படுத்திற்று. பின்னர் அது இந்தியர் குடிநுழைவு நிதி எனப் பெயர் மாறியது. தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவரும் செலவை அவர்கள் தலையில் கடனாக ஏற்றக் கூடாது, முதலாளிமார் எல்லோரும் பொதுவிற் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே அந்நிதியின் நோக்கம். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களும், கப்பற் கட்டணமும் இந்நிதியால் நடந்தன. இந்நிதிக்கு வரி விதித்த முறையே நமக்கு இங்கே முக்கியம். தோட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணி வரி போடவில்லை. இந்தியத் தொழிலாளர் செய்த வேலை நாட்களின் மொத்தத் தொகைக்கு வரி. மூன்று மாதத்துக்கொரு முறை ஒவ்வொரு தோட்டமும் அத்தொகையை அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். தொழிலாளிக்குக் கூலி கணக்கிட்ட அதே கட்டங்கள் முதலாளிக்கு வரியையும் கணக்கிட்டன. ஒரு குறி ஏறினால் தோட்டத்துக்கு இருமுறை செலவு. கங்காணியின் நோக்கமோ நேர் எதிர். தன் கீழுள்ள ஆள் ஒவ்வொருவரும் வேலைக்கு இறங்கிய நாளுக்கு இவ்வளவு என்று ‘தலைக்காசு’ பெற்று வந்த கங்காணிக்குக் கட்டங்கள் நிரம்ப நிரம்ப இலாபம். காய்ச்சலோடு கிடப்பவனையும் எழுப்பிவிட இது போதாதா? ஆக, மிகுதி வேண்டுபவர் ஒருவர், குறைவு வேண்டுபவர் ஒருவர், ஒழுங்கான மொத்தம் வேண்டும் அரசாங்கம் ஒன்று. இந்த இழுபறியின் நடுவே எழுதப்பட்டது செக்ரோல். கணக்குப் பரிசோதனை என்று ஒரு துறை வகுத்து நாம் இன்று படிக்கிற பாடமெல்லாம், ஒருவர் ஏமாற்ற முயன்றால் மற்றவர் கணக்கு காட்டிக்கொடுக்கும்படி அமைப்பதைத்தானே சொல்கிறது? இங்கே அவ்வமைப்பு ஓரளவு தானாகவே வாய்த்தது. ஆனால் குறைந்து எழுதப்பட்ட நாளால் முதல் நட்டம் யாருக்கோ, அவருக்குத்தான் ஏட்டைப் படிக்கத் தெரியாது.

இனி நிர்ணயக் கூலிக்கு வருவோம். 1923ஆம் ஆண்டுச் சட்டம், இந்தியர் குடிநுழைவுக் கமிட்டிக்குக் கூலியை நிர்ணயிக்கும் அதிகாரத்தை அளித்தது. கமிட்டியிலிருந்தவர்கள் அரசாங்க அதிகாரிகளும் முதலாளிமார் பிரதிநிதிகளும் ஆவர். 1920களின் பிற்பகுதியில் முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றும், போக்குவரத்து எளிதல்லாத பகாங் உட்பகுதிகளுக்கு முறையே 58, 46 காசு என்றும் வகுத்தார்கள். மலைக்குள் அரிசியும் உப்பும் போய்ச் சேரும் செலவை நினைத்துக் கூட்டிய காசு அது. உணவு, உடை, ஊருக்கு அனுப்பும் பணம் முதலியவற்றைப் பட்டியலிட்டுக் கணக்கிட்டார்கள். அந்நாளில் இது சிறு காரியமன்று.

எனினும் அந்தக் கூலி யாருக்கு? உடலுறுதியுள்ள, வயது வந்த ஒருவர், ஒரு நாள் வேலையைச் செய்து முடித்தால் அவருக்கு. ‘உடலுறுதி’ என்பதையும் ‘ஒரு நாள் வேலை’ என்பதையும் முதலிற் பொருள்படுத்துபவர் தோட்டத்தாரே. இந்திய அரசாங்கம் 1922ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி மலாயாவில் ஓர் ஏஜெண்டை வைத்திருந்தது. அவர் தோட்டந்தோட்டமாகச் சென்று ஏட்டைப் புரட்டி, 50 காசு கொடுக்கப்பட்டதா என்று பார்க்க முடியும். எழுதிய விகிதம் தவறாயிருந்தால் உடனே புலப்படும். எழுதாமல் விட்ட நாளோ, முழு நாள் உழைப்புக்கு இட்ட அரைக்குறியோ அவர் கண்ணுக்கு எப்படிப் புலப்படும்? யாரேனும் வாய்திறந்து சொன்னாலன்றி வழியில்லை. சொல்ல வேண்டியவர் குடியிருப்பதோ தோட்டத்து லயத்தில்.

விகிதமும் நிலைத்து நிற்கவில்லை. ரப்பர் விலை வீழ்ந்தபோது, 1930இல் முக்கிய வட்டாரக் கூலி 40, 32 காசாகக் குறைந்தது; மந்தத்தின் அடிமட்டத்தில் 28, 24 வரை இறங்கிற்று. கேமரன் மலைத் தோட்டங்கள் கன்று நிலையிலிருந்து வளர்ந்தவை சரியாக இந்த ஆண்டுகளில்தான் என்பதை மறக்கலாகாது. ஸ்ரீநிவாச சாஸ்திரியார் 1936 டிசம்பரில் வந்து, சுற்றிப் பார்த்து, கூலியைப் பழைய 50, 40 காசுக்கு உயர்த்த வேண்டும் என்றும் கங்காணி ஆள்சேர்ப்பு ஒழிய வேண்டும் என்றும் பரிந்துரைத்தார். 1937இல் உயர்ந்தது, 1938இல் 45, 36 ஆக மறுபடியும் குறைந்தது. இதன்மேல் இந்திய அரசாங்கம் 1938 ஜூனில் உதவி பெற்று வரும் கூலிக் குடியேற்றத்தையே நிறுத்திவிட்டது. இரண்டு அரசாங்கங்களுக்கிடையே நடந்த இந்த வழக்கு முழுவதும் விகிதத்தைப் பற்றியது. கட்டத்தில் இடும் குறியைப் பற்றி அத்தனை பேச்சில்லை. இதை ஒரு குறையாகவே நான் காண்கிறேன்; ஏனெனில் தேயிலையில் வழக்கே குறியைப் பற்றியதுதான்.

ரப்பர்த் தோட்டத்தில் ஆளுக்கு இத்தனை மரம் என்று ஒரு திட்டம் உண்டு. மரம் இடம் பெயராது. எண்ணிக்கையில் எளிதில் சண்டை வராது. கொழுந்து அப்படியன்று. மழைக்குப் பின் செடி தளிர்த்துப் பொங்கும் வாரத்திற் கூடை நிறையும். வறட்சியிலோ கவாத்துக்குப் பிறகோ, அதே கை அதே நேரம் உழைத்தாலும் பாதிக் கூடைதான் சேரும். மலைச்சரிவுக்குச் சரிவு வேறுபாடு. பனி நனைத்த காலைக் கொழுந்துக்கும் வெயிற்கொழுந்துக்கும் நிறையில் வேறுபாடு. ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் தராசடியிற் கழிக்கும் வழக்கம் தேயிலை நாடுகளிற் பரவலாக உண்டு. இன்ன நிறை கொண்டுவந்தால்தான் முழு நாள் என்று தோட்டம் சொல்லுமானால், நாள் என்பது கடிகாரத்தை விட்டுத் தராசுக்குப் போய்விடுகிறது. ஒன்பது மணி என்ற சட்டத்தின் அளவு அங்கே என்ன செய்யும்?

இலங்கையின் கதை இதற்கு நல்ல ஒப்புமை. தேயிலைத் தொழிலின் பழக்கவழக்கங்கள் பல அங்கிருந்து மலாயாவுக்கு வந்தவையே. அங்கே ஏட்டின் ஆட்சி இன்னும் முன்னரே தொடங்கிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்திறங்கிய தொழிலாளிக்கு எண்ணிட்ட தகர வில்லையைக் கொடுத்துத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். கடனைத் தீர்த்தால் ஆளை விடுவோம் என்று ஒரு துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். கடனும் ஆளும் ஒன்றாகக் கைமாறுவதற்கு அது கருவியாயிற்று. 1921இல் அதை ஒழித்தார்கள். 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி, 1929 முதல் மலைநாட்டில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் வந்தது. அச்சட்டத்தின் சிறப்பு, ஒன்பது மணி நேர நாளையும் கூலியையும் ஒன்றாகப் பிணைத்தது. அப்படியிருந்தும் ‘அரைப் பேர்’ ஒழியவில்லை. 2021 மார்ச்சில் இலங்கையில் நாட்கூலி 1000 ரூபாய் என்று அரசிதழில் வந்தது. தோட்டக் கம்பெனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. எத்தனை கிலோ பறித்தால் முழுப் பேர் என்பதே அடுத்த தகராறாயிற்று. கூலித் தொகையை அரசாங்கம் குறித்துவிட்டது. அளவைக் குறித்துவந்த ஒப்பந்தமோ இல்லாமற் போயிற்று.

மலாயாவுக்கே திரும்புவோம். யுத்தத்துக்குப் பின் நிலைமை மாறிற்று. 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவாகி, பி. பி. நாராயணன் தலைமையில் முதலாளிமார் சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தங்கள் பேசத் தொடங்கிற்று. ஏட்டை எழுதுவோர் ஒருபுறமிருக்க, அதைக் கேள்வி கேட்க உரிமையுடைய ஒரு கை முதன்முறையாக மேசைக்கு மறுபுறம் வந்தது என்று கொள்ளலாம். 1955இல் இயற்றப்பட்டு 1957 ஜூனில் நடைமுறைக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டம், பழைய 24 நாள் விதியை மேலும் தெளிவாக்கிற்று. நாட்கணக்கிற் கூலி பெறும் தோட்டத் தொழிலாளிக்கு அவர் சக்திக்கேற்ற வேலையை மாதம் 24 நாளாவது கொடுக்க வேண்டும். கொடுக்க இயலாவிடில், வேலை செய்ததாகவே வைத்துக் கூலி தர வேண்டும். கொடுத்த வேலை சக்திக்கேற்றதா என்ற தகராறு எழுந்தால் முடிவு சொல்பவர் தொழில் இலாகாத் தலைவர், தோட்டத்துரை அல்லர். எந்தச் சொல்லின் பொருளில் சச்சரவு வருமோ அந்தச் சொல்லின் பொருளைச் சட்டம் தன் கையில் எடுத்துக்கொண்டது இங்கேதான்.

ஆனால் அதே சட்டம் வேறோர் இடத்தில் கதவைத் திறந்தே வைத்தது. நாளுக்கென்றோ எண்ணிக்கைக்கென்றோ அன்றி, இன்ன அளவு வேலை முடித்தால் இவ்வளவு என்று இரு சாராரும் ஒத்துக்கொண்டு கூலி பேசலாம் என்று அது அனுமதித்தது. அந்த ‘இன்ன அளவு’ எவ்வளவு என்று சட்டம் சொல்லவில்லை, உடன்பாட்டுக்கு விட்டுவிட்டது. 1957ஆம் ஆண்டு விதிகள் பதிவேட்டில் எழுத வேண்டிய விவரங்களை ஒவ்வொன்றாக வகுத்தன. சம்பளக் கணக்கைத் தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டன. என்னென்ன பத்திகள் வேண்டும் என்பது அரசாங்கத்தின் நியமம். பத்தியில் இடும் ஓர் எண் எதைக் குறிக்கிறது என்பது ஒப்பந்தத்தின் வேலை. ஒப்பந்தம் வாய்மூடியிருந்தால், எவ்வளவு செம்மையான ஏடும் ஊமைதான். பேனா போய்க் கணிப்பொறி வந்தாலும் இந்த நிலை மாறுவதற்குக் காரணமில்லை.

2013 ஜனவரியில் மலேசியாவின் முதற் குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் மாதம் 900 ரிங்கிட்டாக அமலுக்கு வந்தது. 2022 மே மாதம் 1500 ஆகவும், 2025 பிப்ரவரியில் 1700 ஆகவும் உயர்ந்தது. 2020ஆம் ஆண்டு ஆணையில் ஒரு நுட்பமான வாசகம் உண்டு: அளவுக்கோ, நிறைக்கோ, பணிக்கோ கூலி பெறுபவராயினும், மாதத்துக்கு வரும் தொகை அந்த அடிமட்டத்துக்குக் குறையலாகாது. நூறாண்டுக்கு முன் 50 காசு நிர்ணயித்த கமிட்டி எழுதத் தவறிய வாசகம் இதுவே. கேமரன் மலையில் இன்று கொழுந்தெடுப்போரிற் பலர் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் ஆவர். சமதரையிலும் இளஞ்சரிவிலும் இயந்திரம் வெட்டுகிறது. அவர்களிடம் எழுதிய ஒப்பந்தம் இருக்கிறது. அதை அவர்கள் படிக்கும் மொழியில் எழுதினார்களா என்பதே கேள்வி.

இனி, வேலையாட் பதிவேட்டோடு ஒட்டிப் பிறந்த மற்றக் கணக்குகளையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஊழியர் சேமநிதி வந்தபோது, தொழிலாளியின் பெயரை அரசாங்க ஏட்டில் இருப்பது போலவே எழுத வேண்டிய அவசியம் வந்தது. 1948இல் அவசர காலத்தில் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுத்தார்கள். அதிலும் பெயர் யாரோ ஓர் எழுத்தர் கேட்டு எழுதியதே. செக்ரோலில் ஓர் எழுத்து, அட்டையில் வேறெழுத்து என்றால், சேமநிதிப் பணம் கேட்டு வரும் முதியவரிடம் இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கச் சொல்வார்கள். குடிநுழைவு நிதியோ 1958இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று பெயர் மாறி, 1999இற் கலைக்கப்பட்டது. தமிழன் உழைத்த நாட்களை எண்ணி எண்ணிச் சேர்த்த பணத்தின் கடைசிப் பெயர் அது.

எல்லாவற்றினும் கனத்த தேவை குடியுரிமையில் வந்தது. 1957இல் சுதந்தரம் வந்தபோது, ஏற்கனவே இங்கே வாழ்ந்து வந்தவர் பதிவு மூலம் குடிமகனாக, விண்ணப்பத்துக்கு முந்திய ஏழாண்டில் ஐந்தாண்டாவது இந்நாட்டில் வசித்திருக்க வேண்டும், மலாய் மொழி ஓரளவு தெரிந்திருக்க வேண்டும் என்று அரசியல் சாசனம் விதித்தது. தோட்டத்தில் இருபதாண்டு நாள் தவறாமற் பேர் விழுந்தவர், அந்த இலாகாவின் மேசைக்குப் போய் வேறொரு பாரத்தைப் பூர்த்தி செய்தாலன்றி இந்நாட்டார் ஆகமாட்டார். செய்யாதவர் பலர், செய்ய வேண்டும் என்று சொல்வாரில்லாதவர் அதனினும் பலர். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடிமகன் அல்லாதவருக்கு வேலை அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. அதன் பிறகு சுமார் 60,000 இந்தியர் கப்பலேறித் திரும்பிப் போனார்கள்.

பதிவேட்டில் எழுதிய ஒவ்வொரு விவரமும் எழுதிய நாளிலிருந்து ஆறாண்டுக்குக் குறையாமல் பார்வைக்குக் கிடைக்கும்படி வைத்திருக்க வேண்டும் என்பது 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. ஏழாம் ஆண்டில் அதை வைத்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. 1930களில் கேமரன் மலைச் சரிவுகளிற் காடு வெட்டியவர்களின் உழைப்பு அரசாங்க ஆண்டறிக்கைகளில் மொத்த எண்களாக இருக்கிறது. எந்த நாள் யார் வந்தார், யாருக்கு முழுப் பேர், யாருக்கு அரைப் பேர் என்பவை தோட்ட அலுவலக அலமாரிகளில் இருந்தவை.